என்ன கலர் சேலை?

தேர்த்திருவிழா நெரிசலில் மனைவி வேதவல்லியைத் தவறவிட்ட கலியபெருமாள், ஒலிபெருக்கிப் பந்தலுக்கு ஓடினார்.

"என்ன கலர் சேலை?" என்றார் மைக் பிடித்திருந்த பெண் காவலர்.

"நிறம் மாறுற படிகச் சேலைங்க. வீட்ல கட்டும்போது பச்சை. வெயில்ல ஆரஞ்சாச்சு. வேர்த்தா படிக அடுக்குல ஈரம் ஏறி மஞ்சளாவுது. இப்ப என்னன்னு தெரியலையே."

"காலையிலேருந்து எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. சேலைய விடுங்க. முக அடையாளம் சொல்லுங்க."

மூக்கில் தொடங்குவதா, நெற்றியில் தொடங்குவதா என்று அவர் குழம்பினார். கல்யாணமான நாள் முதலாய்க் கூட்டத்தில் அவர் தேடியதெல்லாம் சேலையைத்தான்.

பக்கத்தில் ரோஸ் நிறச் சேலை ஒன்று வந்து நின்றது. யாரென்று பார்க்காமலே நகர்ந்து வழிவிட்டார்.

"நகர வேணாம், சொல்லுங்க," என்றாள் வேதவல்லி. "நானும் கேட்டுக்கறேன்."