முறுக்கில் நின்ற முன்பல்

பல்செட் செய்யும் மேசையில் இருந்த முன்பல்லுக்குத் தன் பளபளப்பின் மேல் ஏகப்பட்ட கர்வம். செட்டின் தகட்டில் பிடிப்பு கிடைப்பதற்காக ஒவ்வொரு பல்லின் அடியையும் சொரசொரப்பாக உரசுவார்கள். தன் முறை வந்ததும் முன்பல் மெல்ல உருண்டுபோய், உரசி முடித்த பற்களுக்குள் ஒளிந்துகொண்டது.

"அடியை யாருடா பாக்கப் போறாங்க? போய் உரசிக்கோ," என்றது கடைவாய்ப்பல்.

"பிடிமானமெல்லாம் உன்னை மாதிரி ஆளுங்களுக்கு. என்னை அந்தத் தகடே விடாது."

அப்படியே தகட்டில் ஏறியும்விட்டது. செட்டை மாட்டிக்கொண்ட சிவக்கொழுந்து சம்பந்தி வீட்டில் சிரித்துச் சிரித்துப் பேசினார். எல்லோரும் முன்பல்லைத்தான் பார்த்தார்கள். அப்புறம் தட்டில் முறுக்கு வந்தது. ஒரே கடிதான், முன்பல் முறுக்கோடு நின்றுவிட்டது.

"ஐயோ, கழண்டுட்டியே," என்று பதறியது முறுக்கு.

"நானா? நான் அசையவே இல்லை," என்றது முன்பல். "செட்டுதான் மொத்தமா என்னை விட்டுக் கழண்டு போயிடுச்சு."