கிளீனர் சொன்னால் சரி

சுந்தரலிங்கம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தும்புத்தடியோடு மேசைக்கு அடியில் புகுந்தார். கம்ப்யூட்டர் அப்படித்தான் செய்யச் சொல்லியிருந்தது.

பதுளையில் முப்பது வருஷம் ஹார்ட்வெயார் கடை வைத்து ஆயிரக்கணக்கில் தும்புத்தடி விற்ற மனிதர். ஒன்றையாவது கையில் பிடித்துக் கூட்டியதாக ஊரில் ஒருவரும் சாட்சி சொல்ல மாட்டார்கள். இப்போது கடையைக் கொடுத்துவிட்டு, துப்புரவுச் சங்கத்துக்குத் தலைவராக இருக்கிறார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அவர் சூமில் பேச வேண்டும். தலைப்பு, 'துப்புரவு வீட்டிலிருந்தே தொடங்கட்டும்'. போன மாதக் கூட்டத்தில் கம்ப்யூட்டர் பாதியில் விறைத்து நின்றுவிட்டது. வாயைப் பிளந்தபடி அவர் முகம் மட்டும், கூட்டம் முடியும்வரை எல்லார் வீட்டிலும் தெரிந்துகொண்டிருந்தது. இந்த முறையும் அப்படி ஆனால் தலைவர் பதவி, அதற்குக் காத்திருக்கும் ஹாலிஎல ஊர் வீரய்யாவுக்குப் போய்விடும். அந்த நினைப்பில் மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

கொழும்பில் கம்ப்யூட்டர் கம்பனியில் வேலை செய்யும் மகள் கம்சலாதான் கைகொடுத்தாள். அங்கே இருந்தபடியே இந்தக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, குப்பையைத் துடைக்கும் ஒரு கிளீனர் புரோகிராமை ஏற்றிவிட்டாள்.

"அது சொல்றத மட்டும் செய்யுங்கப்பா. ஸ்பீட் தானா வரும்."

முதல் நாள் அது உள்ளே கிடந்த வேண்டாத கோப்புகளை எல்லாம் அழித்தது. வேகம் இருபது சதவீதத்துக்குக் கூடியதாகக் காட்டியது. உண்மையிலேயே கூடியும் இருந்தது.

இரண்டாம் நாள் திரையில் வேறு மாதிரி வந்தது. 'அறையில் தூசி அதிகம். மேசைக்கு அடியில் கூட்டவும். ஏனோதானோ என்று கூட்டக் கூடாது.'

"பாத்தியா காந்தி, நம்ம தமிழ்லயே சொல்லுது. எவ்வளவு முன்னேறிட்டானுங்க பாரு."

அவர் மனைவி சந்திரகாந்திக்கு முதுகுப் பிடிப்பு. குனியவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், கதிரையில் சாய்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தாள்.

"இதத்தானே நானும் கல்யாணமான நாள்லருந்து சொல்றேன்."

"நீ சொல்றதும் கம்ப்யூட்டர் சொல்றதும் ஒண்ணா? அது கணக்குப் போட்டுல்ல சொல்லுது."

அப்படித்தான் மேசைக்கு அடியில் புகுந்தார். நாலு இழுப்பு இழுத்துவிட்டு வெளியே வந்து, 'முடிந்தது' என்ற இடத்தை அழுத்தினார். சந்திரகாந்தி போனில் ஏதோ தட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் திரையில் சிவப்பு எழுத்து வந்தது. 'முடியவில்லை. மூலையில் அப்படியே கிடக்கிறது.'

சுந்தரலிங்கம் ஆடிப்போனார். "எங்கயோ கண்ணு வச்சிருக்கான் இதுல" என்று முணுமுணுத்துக்கொண்டு மறுபடியும் புகுந்தார். மூலையில் இருந்த ஒட்டறை, பழைய பேப்பர், காய்ந்த பல்லி எல்லாம் வெளியே வந்தன. வேகம் நாற்பது சதவீதம் என்றது கம்ப்யூட்டர்.

அதன் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. புதன்கிழமை, 'ஈரப்பதம் அதிகம். கூரைப் பீலியில் அடைத்திருக்கும் இலைகளை அகற்றவும்' என்று வந்தது. ஏணி போட்டு ஏறி அகற்றினார். வியாழக்கிழமை, 'குசினிப் புகை கம்ப்யூட்டருக்கு ஆகாது. அடுப்புச் சுவரைத் தேய்த்துக் கழுவவும்' என்றது. அதையும் தேய்த்தார்.

அடுப்படியில் இருந்து வெளியே வந்தவரைப் பக்கத்து வீட்டு றம்ஸியா வேலியோரம் நின்று பார்த்தாள். முகமெல்லாம் கரி.

"என்ன முதலாளி, வீட்ல ஏதும் விசேஷமா?"

"இல்லம்மா. கம்ப்யூட்டர் ரிப்பேர்."

திரையில் எண்பது சதவீதம் வந்திருந்தது. அவருக்குச் சந்தோஷம்தான், ஆனால் மிச்சம் இருபது மனதை அரித்தது. வீரய்யா வீட்டுக் கம்ப்யூட்டர் நூறில் ஓடுவதாகக் கேள்வி.

"இன்னும் எத சுத்தம் பண்ணணுமோ தெரியலயே காந்தி. ஞாயித்துக்கிழமைக்கு ஏறிருமா?"

"அதெல்லாம் ஏறிரும். நீங்க போய்க் கரியைக் கழுவிட்டு வாங்க."

துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் குளிக்கப் போனார். கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் சந்திரகாந்தி போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

"கம்சலா, நாளைக்குக் கக்கூஸைப் போட்டுரும்மா."