சீட்டில்லாத பணம்

ரிசப்ஷன் மேஜை மேல் நான்கு ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் கிடந்தன.

அறை கூட்டும் அமலோற்பவம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

சாப்பாட்டு வேளையில் வெளியே போகும்போது வாசலில் காவல்காரி தடவிப் பார்த்து எடுத்த பணம். அந்த ஹோட்டலில் அது தினப்படி நடப்பதுதான். தங்க வருகிறவர்கள் டிப்ஸ் கொடுத்தால் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். சீட்டு இல்லாவிட்டால் அது திருட்டுப் பணம். டிப்ஸ் வாங்கவும் அத்தாட்சி வேண்டியிருக்கிறது, என்ன செய்ய.

சீட்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு.

அந்தக் கட்டத்தில் என்னத்தை எழுதச் சொல்வாள்?

"இருநூத்தி நாலு அம்மாதான் குடுத்தாங்க சார்."

"எதுக்கு?"

"சந்தோஷமா குடுத்தாங்க."

"ரெண்டாயிரமா?" மேனேஜர் குணசீலன் சிரித்தார். "எனக்கே எவனும் குடுத்ததில்ல, அமலோற்பவம்."

பதினேழு வருஷம். கட்டிலுக்கடியில் கிடந்த நாலு பவுன் சங்கிலியையே கொண்டுவந்து கொடுத்தவள். அதெல்லாம் இப்போது யாருக்கு ஞாபகம் இருக்கப் போகிறது. திருடி என்று பெயர் வாங்கிக்கொண்டு வெளியே போனால் கும்பகோணத்தில் எந்த லாட்ஜிலும் துடைப்பத்தைக்கூடத் தொட விட மாட்டார்கள்.

காலை ஆறு மணிக்கு இருநூற்று நாலாம் அறைக் கதவைத் தட்டியபோது கல்யாணப் பெண் குளியலறைத் தரையில் உட்கார்ந்து படுக்கை விரிப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மருதாணிக் கை முழுக்கச் சோப்பு நுரை.

தூக்கத்தில் நனைந்துவிட்டது. சின்ன வயதிலிருந்தே இருக்கிறதாம். பயந்தால் வருமாம்.

எதிர் அறையில் மாப்பிள்ளை வீட்டார்.

அமலோற்பவம் விரிப்பைப் பிடுங்கிக்கொண்டாள். போய்த் தலை வாரிக்கொள், இதெல்லாம் ஒரு விஷயமா என்றாள். காலி அறை மெத்தையைக் கொண்டுவந்து போட்டாள். நனைந்த மெத்தையை யார் கண்ணிலும் படாமல் ஒற்றை ஆளாக மொட்டை மாடிக்குச் சுமந்தாள். இடுப்பு விட்டுப்போயிற்று.

பெண்ணின் அம்மா மாடிப்படி வரைக்கும் ஓடிவந்து பணத்தைக் கையில் திணித்தாள்.

வேண்டாம் என்றால் அழுதாள். வாங்காதவள் ஊரெல்லாம் சொல்லிவிடுவாள் என்று பயந்தாள் போலிருக்கிறது. அந்த நினைப்பு இவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அந்த அம்மாள் நிம்மதியாக மணவறைக்குப் போகட்டும் என்றுதான் வாங்கிக்கொண்டாள்.

இப்போது தாலி ஏறிவிட்டது.

அறையைக் காலி செய்ய எல்லோரும் கலகலவென்று வந்தார்கள். மாலையும் கழுத்துமாகப் பெண். ஒரு பக்கம் அவள் அம்மா. இன்னொரு பக்கம் மாமியார்.

அமலோற்பவத்துக்கு உயிர் வந்தது. 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை. அது போதும்.

"மேடம், இந்தம்மாவுக்கு நீங்க பணம் ஏதும் குடுத்தீங்களா? ரெண்டாயிரம்னு சொல்றாங்க." குணசீலன் பெண்ணின் அம்மாவிடம் கேட்டார்.

மாமியார்தான் முதலில் திரும்பினாள்.

"ரெண்டாயிரமா? ரூம் கூட்டினதுக்கா சம்பந்தி?"

பெண்ணின் அம்மா மேஜையைப் பார்த்தாள். பணத்தைப் பார்த்தாள். அமலோற்பவத்தை மட்டும் பார்க்கவில்லை.

"நானா? இல்லையே."



ஆறு மணி நேரம் முன்னால் இந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுத பொம்பளை. மொட்டை மாடியில் மெத்தை இன்னும் காய்ந்துகொண்டுதான் இருக்கிறது. எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

அந்த அம்மாள் அதற்குள் குரலைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"பாவம், என்ன கஷ்டமோ. கல்யாண நாளும் அதுவுமா அவ வயித்துல அடிக்க வேண்டாம் சார். நான் மன்னிச்சுட்டேன். வேலைய விட்டு எடுத்துடாதீங்க."

"உங்களுக்குப் பெரிய மனசு சம்பந்தி," என்றாள் மாமியார்.

மன்னிச்சுட்டாளாம்.

பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. இருநூத்தி நாலுல விரிப்பு ஏன் மாத்தினேன்னு கேளுங்க. அவ்வளவுதான். அதற்கு மேல் அந்த அம்மாளே உளறிவிடுவாள்.

அப்போது பெண் முன்னால் வந்தாள். முகம் வெளுத்திருந்தது. மாலையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தாள். மருதாணி ஒரு பக்கம் திட்டுத் திட்டாக வெளிறியிருந்தது.

"அத்தே," என்றாள் மாமியாரிடம். "அவங்க எடுக்கல. அது வந்து... காலைல நான்..."

அம்மாவின் கை பெண்ணின் முழங்கையைப் பிடித்தது.

மாமியார் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலைல நீ என்ன?"

பெண் வாயைத் திறந்தாள். சொல்லிவிடுவாள். இன்னும் ஒரு நொடியில் சொல்லிவிடுவாள்.

"நான்தாம்மா எடுத்தேன்," என்றாள் அமலோற்பவம்.

மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார்.

"மேஜ மேல இருந்துச்சு. எடுத்துட்டேன். பாப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது."

பெண் அழ ஆரம்பித்தாள். பிறந்த வீட்டை விட்டுப் போகிற அழுகை என்று மாமியார் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

பெண்ணின் அம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"பாத்தீங்களா," என்றாள் எல்லோரிடமும். "அவளே ஒத்துக்கிட்டா."