நாற்பது விநாடி

"ஒரு நிமிசம் முப்பத்திரண்டு செகண்டு!" கைக்கடிகாரத்தை முத்துசெல்வியின் முகத்துக்கு நேரே நீட்டினார் காசிராஜன். "கவர்மெண்டு சொன்னது அம்பத்திரண்டு. மிச்சம் நாப்பது எவன் அப்பன் வீட்டுச் சொத்து?"

அவர் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி. கோவில்பட்டியில் அந்தப் பள்ளிக்கூடத்தின் தாளாளரும் அவர்தான். மறுநாள் சுதந்திர தினம். ஒத்திகை பார்க்க வந்தவர், நாற்காலியின் இரண்டு கைகளையும் ஊன்றி எழுந்து, தேசிய கீதம் முடியும்வரை விறைப்பாக நின்றுவிட்டுத்தான் சண்டையை ஆரம்பித்தார். மரியாதை தெரிந்த மனிதர்.

காலையில் கொடியேற்றும்போது பாடுவதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. விருந்தினர்கள் மேடையில் உட்கார்ந்து கலைநிகழ்ச்சி பார்த்து முடித்ததும் மறுபடி பாடுவார்களே, அதற்கு முன்னால் பாட்டு டீச்சர் முத்துசெல்வி கீபோர்டில் ஒரு முன்னிசை சேர்த்திருந்தாள். அதில் புல்லாங்குழல் வேறு கொஞ்சிக் குலாவியது.

"இது என்ன கல்யாண வீடியோவா, பொண்ணும் மாப்பிளையும் நடந்து வார வரைக்கும் மியூசிக் போட? நம்மூரு கடலமிட்டாய்ல எவனாவது கிரீம் தடவுவானா?"

டிராயிங் மாஸ்டர் மாயகிருஷ்ணன் தொண்டையைச் செருமினார். "இப்பம் டி.வி.யிலயே ஆளுக்கொரு பாணியில பாடுதாவ சார். கேக்க நல்லாத்தான இருக்கு?"

"டி.வி.க்காரன் வேட்டிய அவுத்துத் தலையில கட்டுனா நீரும் கட்டுவீரோ?"

முத்துசெல்வி ஏதோ சொல்ல வந்து, விழுங்கிவிட்டாள்.

காசிராஜன் கைத்தடியால் கீபோர்டைச் சுட்டினார். வெள்ளிப்பூண் போட்ட அந்தத் தடி ஆனி மாதத்தில்தான் அவர் கையில் ஏறியது. பெரிய மனிதருக்கு எடுப்பாக இருக்கிறது என்று ஊரே சொன்னது.

"நாளைக்குக் கல்வி அதிகாரி வாராரு. பாட்டு நேரா ஆரம்பிக்கணும். ஒரு செகண்டு இழுத்தாலும் மறுநாள் நீ வேலைக்கு வர வேண்டாம். பாடும்போது ஈ மொய்ச்சாலும் ஒருத்தரும் அசையப்பிடாது, சொல்லிட்டேன்."

அவள் சம்பளத்தில்தான் வீட்டில் நாலு பேர் சாப்பிடுகிறார்கள். தலையை ஆட்டினாள்.

வீட்டுக்கு வந்தும் காசிராஜனுக்கு ஆறவில்லை. சாப்பாட்டு மேசையில் அவர் முன்னிசையைக் கிழித்துத் தோரணம் கட்டிக்கொண்டிருக்க, மனைவி பத்திரகாளி மெல்லச் சொன்னாள். "இருந்துட்டுப் போட்டுமே. அந்தப் பிள்ள நல்லாத்தான வாசிக்கா?"

"தேசிய கீதத்தப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்? ரசத்த ஊத்து."

அவள் ரசத்தை ஊற்றினாள்.

மறுநாள் விழா அமர்க்களமாக நடந்தது. கடைசியில் மைக்கில் "தேசிய கீதம்" என்றதும், உத்தரவுப்படி பிள்ளைகள் எடுத்த எடுப்பில் பாட ஆரம்பித்தார்கள். கல்வி அதிகாரி விருட்டென்று எழுந்து நின்றார்.

காசிராஜனும் அவசரமாகத் தடியை ஊன்றினார். தடி வழுக்கி நாற்காலிக்கு அடியில் உருண்டது. கைகளை ஊன்றிப் பாதி எழுந்தவர், தொப்பென்று உட்கார்ந்தார். மறுபடி எழப் பார்த்தார், மறுபடியும் உட்கார்ந்தார்.

மாயகிருஷ்ணன் பார்த்தார். டிரைவர் பார்த்தான். ஐந்நூறு பிள்ளைகளும் பார்த்தார்கள். முதலாளி உத்தரவாயிற்றே, ஒருவர்கூட அசையவில்லை.

சரியாக ஐம்பத்திரண்டாவது விநாடியில் பாட்டு முடிந்தது. காசிராஜன் நாற்காலியில்தான் இருந்தார்.

"ஸ்கூல் தாளாளர் நீங்களே எந்திரிக்கலையே சார்" என்றார் அதிகாரி. வைத்த காப்பியைத் தொடாமல் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

கூட்டம் கலைந்ததும் முத்துசெல்வியைக் கூப்பிட்டார் காசிராஜன். அவள் வந்து நின்றாள். இன்றோடு வேலை போயிற்று என்றே நினைத்தாள்.

"எல்லாம் ஒன்னாலதான்! அந்த நாப்பது செகண்டு கூத்த நீ ஆரம்பிக்காம இருந்தா, நேராப் பாடுன்னு நான் சொல்லியிருப்பனா? ஆரு சொல்லி அதப் போட்ட? இப்பமே எனக்குத் தெரியணும்!"

முத்துசெல்வியின் கண் முன்வரிசையில் இருந்த பத்திரகாளியிடம் போனது.

பத்திரகாளி மேடையேறி வந்தாள். குனிந்து, நாற்காலிக்கு அடியில் கிடந்த தடியை எடுத்துப் புருஷன் கையில் கொடுத்தாள்.

"நாந்தான் போடச் சொன்னேன். நீங்க எந்திரிக்க நாப்பது செகண்டு ஆவுதுல்லா?"