சாப்பிட்டீங்களா அம்மா

"பணம் அனுப்பின ரசீதுல உன் பேருதான் இருக்கு, சுப்ரியோனோ" என்றார் எங்கள் தெருத் தலைவர் பாக் எர்தே. இருமிவிட்டுத்தான் எதையும் சொல்வார். அந்த இருமலை நான் அப்படியே செய்வேன். அன்றைக்குச் செய்யவில்லை.

"பேருதான் என்னுது, பாக். கை அவனுது" என்றார் அப்பா.

உண்மைதான். பதினேழு முடியாமல் எங்கள் நாட்டில் அடையாள அட்டை கிடையாது. அட்டை இல்லாமல் ஃபோனில் பணம் வாங்க முடியாது. எனக்குப் பதினாறு. அப்பா குளிக்கப் போன நேரத்தில் அவர் அட்டையைப் படம் பிடித்துக்கொண்டேன்.

எதிரே இபு சுமியாத்தி உட்கார்ந்திருந்தார். பெரியவர்களில் ஆணைப் பாக் என்றும் பெண்ணை இபு என்றும் கூப்பிடுவோம். வயலை விற்று மகன் அனுங்கைத் தைவான் வேலைக்கு அனுப்பியவர். போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று ஒரு ஃபோன் செய்தான். அதோடு சரி, ஏழு மாதமாகப் பேச்சே இல்லை.

அந்த அனுங்கின் குரலில்தான் நான் மூன்று தடவை கூப்பிட்டேன். இது புது நம்பர், விசாவில் சிக்கல், பணம் வேண்டும். மூன்று தடவையும் அனுப்பினார். மூன்றாவது தடவைக்குக் கொட்டிலில் நின்ற காளையை விற்றிருந்தார்.

இப்போது நிஜ அனுங் வீடியோவில் இருந்தான். பாக் எர்தேயின் ஃபோன் சர்க்கரை டப்பாவில் சாய்ந்திருந்தது.

"பெருநாள் சந்தைல என் காளை என்ன விலை போகும்னு கேக்கத்தான் உங்களுக்கு ஃபோன் பண்ணேன். காளையே இல்லேங்கிறீங்க" என்றான். "அவனைப் போலீஸ்ல குடுங்க. அவன் அப்பன்கிட்ட காசை வசூல் பண்ணுங்க."

"லே பிமோ, யார்டா உனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?" என்று பாக் எர்தே என் பக்கம் திரும்பினார்.

"ஃபோன்தான், பாக்" என்று அப்பா முந்திக்கொண்டார். "பள்ளிக்கூடத்துல வாங்கச் சொன்னாங்க, வாங்கினேன். வீட்ல நாங்க பொய் பேசப் பழக்கினதே இல்ல."

போன மாதம்தான் அப்பா, தான் வேலை செய்யும் செங்கல் சூளை மேஸ்திரியை அம்மா குரலில் கூப்பிட்டு, 'அவருக்குக் கடும் காய்ச்சல்' என்று என்னைச் சொல்ல வைத்தார். சொல்லி முடித்ததும் தோளில் தட்டிக் கொடுத்துவிட்டுத் தூண்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"வாத்தியாரைக் கேட்டா வீட்டைச் சொல்றார். வீட்டைக் கேட்டா ஃபோனைச் சொல்றே. ஃபோனையா ஜெயில்ல போடறது?" என்றபடி பாக் எர்தே ஒரு தாளை இபு பக்கம் தள்ளினார். "இதுல கையெழுத்துப் போடுங்க, இபு. பையனை இன்னிக்கே ஸ்டேஷன்ல ஒப்படைச்சிடலாம்."

தாளில் 'ஏமாற்றியவர் பெயர்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கோடு போட்டிருந்தது. என் பெயருக்குத் தாராளமாக இடம் இருந்தது.

"பெத்தவளுக்குப் பிள்ளை குரல்கூடவா தெரியாது?" என்றது திரை.

உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

இபு தேநீர்க் கோப்பையை மூடி வைத்தார். "தெரிஞ்சுது. எடுத்த எடுப்பிலேயே தெரிஞ்சுது."

பாக் எர்தே இருமக்கூட மறந்துபோனார்.

"குரல் அச்சு அவனேதான். பேச்சுதான் இடிச்சுது. 'சாப்பிட்டீங்களா அம்மா, முட்டிவலி தேவலையா'ன்னு சுத்தமான க்ரோமோல கேட்டான். அதுக்கு மேல ரசீதுல சுப்ரி பேரு வேற."

க்ரோமோ என்பது பெரியவர்களிடம் பேசுகிற உயர்ந்த பேச்சு. பெற்றவளிடம் அப்படித்தான் பேச வேண்டும் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். நல்ல மகன் பேசுவான் என்று நானும் பேசினேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

"தெரிஞ்சுமா பணம் அனுப்பினீங்க?" என்றார் பாக் எர்தே.

"இல்லேன்னு சொல்லியிருந்தா மறுபடி கூப்பிட்டிருப்பானா?"

என் வாயில் எந்தக் குரலும் வரவில்லை, என்னுடையதுகூட.

"இருந்தாலும் தப்பு தப்புதானே, இபு" என்று பாக் எர்தே பேனாவை நீட்டினார். "ஏமாத்தினவன்னு ஒரு பேரு எழுதணுமே."

"ஏய் கிழவி" என்று திரை கத்தியது. "கையெழுத்தப் போட்டுத் தொலை. எனக்கு ஷிஃப்டுக்கு நேரமாச்சு. காளைக் காசு எனக்கு வந்தாகணும்."

அது க்ரோமோ இல்லை. வேலி தாண்டுகிற ஆட்டிடம் நாங்கள் பேசுகிற பேச்சு.

இபு ஃபோனை எடுத்து எங்கள் பக்கம் திருப்பிப் பிடித்தார். "நல்லாக் கேட்டுக்குங்க. இதுதான் அசல்."

பிறகு அதைக் கவிழ்த்து வைத்தார். பேனாவை வாங்கவில்லை. கோடு காலியாகவே கிடக்க, எழுந்து வாசலுக்குப் போனார். அப்பா பெரிதாக மூச்சு விட்டார். நானும்தான்.

வாசலில் எல்லார் செருப்புக்கும் நடுவே என் புது ஷூ கிடந்தது. இபு குனிந்து, அதை ஒதுக்கித் தன் ரப்பர் செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்.

"காளைப் பணம் வந்து சேர்ந்ததும் நீ கூப்பிடறதை நிறுத்திட்டே பாரு, லே. அது ஒண்ணுதான் அப்படியே என் பிள்ளை மாதிரி இருந்துச்சு."