டிரைவர் தலைக்கு மேல் கண்ணாடி

உத்திரமேரூரிலிருந்து மரக்காணம் போகும் சாயங்கால பஸ்ஸில், டிரைவர் பெருமாள் எவளையோ கண்ணாடியில் பார்த்துச் சிரிக்கிறானாம். அவன் மனைவி அம்முலு முக்காடு போட்டு, சொல்லாமல் ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்தாள்.

மூன்றாவது சீட்டில் மல்லிகைப்பூவோடு ஒருத்தி. கண்ணாடியில் பெருமாளின் கண்கள் வழியெல்லாம் சிரித்தன.

மரக்காணத்தில் இறங்கியதும் அம்முலு வெடித்தாள். "இன்னாய்யா, அந்தப் பூக்காரியையே பாத்துக்கினு வண்டி ஓட்டுறியே!"

கண்டக்டர் சுப்பிரமணி குறுக்கே வந்தான். "அண்ணி, கண்ணாடில அவரு கண்ணு உங்களுக்குத் தெரிஞ்சிதுன்னா, அவருக்குத் தெரியறதும் உங்க கண்ணுதான். மூணாவது சீட்டு அதுல வராது. அண்ணன் தெனமும் கடைசி சீட்டுக்கு நேராத்தான் திருப்பி வெச்சிப்பாரு."

அம்முலுவின் முகம் மலர்ந்தது. உடனே சுருங்கியது.

"நான் இன்னிக்குத்தானே ஏறினேன்? மத்த நாள்ல அந்த சீட்டுல குந்திக்கினு வர்றவ யாரு?"