ஹெல்மெட் மாப்பிள்ளை

நாராயணப்பன் மகனுக்கு வாங்கிக் கொடுத்த ஹெல்மெட் ஒரு வருஷமாக ஆணியில்தான் தொங்கியது. நிச்சயதார்த்தம் முடிந்த மறுநாள் மாதேஷ் அதைத் தூசி தட்டிப் போட்டுக்கொண்டு போச்சம்பள்ளி கம்பெனிக்குக் கிளம்பினான். அன்றிலிருந்து அது இல்லாமல் வண்டியை எடுப்பதே இல்லை.

“பெத்தவங்க பேச்ச எங்க கேட்டான்? கட்டிக்கப்போறவ சொன்னதும் கேக்கறான் பாருங்க,” என்றாள் மங்கம்மா கணவனிடம்.

“எவ சொன்னா என்ன, தலை தப்பிச்சா சரி.”

கல்யாணப் புடவை எடுக்கப் போன இடத்தில் மங்கம்மா வருங்கால மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். “சுவாதி, உன்னாலதான் ஹெல்மெட் போடறான். நீ நல்லா இருக்கணும் தாயி.”

சுவாதி வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

திங்கட்கிழமை மதிய ஷிப்டுக்குக் கிளம்பிய மாதேஷ், ஊர் முக்கில் நின்றிருந்த லாரியின் பின்னால் மோதினான். பெற்றவர்கள் ஓடி வந்தபோது உயிர் இல்லை.

“உச்சி வெயில்ல இவ்ளோ பெரிய லாரி எப்படிடா கண்ணுக்குத் தெரியாமப் போச்சு? ஹெல்மெட்கூடப் போட்டிருந்தியே,” என்று தலையில் அடித்துக்கொண்ட நாராயணப்பன், சுவாதிக்குப் போன் செய்தார். அவள் வேறு அழைப்பில் இருப்பதாகப் பதில் வந்தது.

மங்கம்மா மகன் தலையை மடியில் ஏந்தி ஹெல்மெட்டைக் கழற்றினாள். காதோரம் செருகியிருந்த அவன் போன் நழுவி மடியில் விழுந்தது.

“என்ன சத்தம் அது? பாதிப் பேச்சுல ஏங்க நிறுத்திட்டீங்க?” என்று அதில் கேட்டுக்கொண்டே இருந்தாள் சுவாதி.